மூன்று மணிக் காற்று

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிற மேடை நான் கட்டியது. ராயபுரத்தில் மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பன்னிரண்டு தூண் நான் நிறுத்தியது. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிவாசலுக்குத் தண்ணீர்த் தொட்டி, காசிமேட்டுப் பக்கம் மாதா கோயிலுக்குப் படிக்கட்டு, திருவொற்றியூரில் ஒரு அம்மன் கோயிலுக்கு மதில், எல்லா சாமிக்கும் நான்தான் கொத்தனார். ஹார்பரில் அலை மோதுகிற சுவரில் ஒரு துண்டு என் கை பட்டது. அது இன்னும் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நாலாங்கிளாஸ் பெயில். எனக்கு யாரும் மட்டப்பலகை பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. சித்தாளாய்ச் சட்டி தூக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் படித்தேன். இருபத்தெட்டு வயதில் எனக்குக் கீழே நாற்பது ஆள் வேலை செய்தது.

இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. நான் கடல் மணலில் ஒரு மலை கட்டினேன்.

நம் பேட்டைச் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றதும் மலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மலையைப் பற்றி ஒரு வரி எழுதினால் அடுத்த வரியில் அந்த அம்மா வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. சரி, அவரையே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒரு முதலாளி இருந்தார். காட்டு மிருகங்களைப் பிடித்துவரச் சொல்லி, குடோனில் அடைத்துவைத்து, கப்பலில் வெளிதேசத்துக்கு அனுப்புகிற வியாபாரம். அவரிடம் ஒரு கப்பல் கேப்டன் சொல்லியிருக்கிறான்: எங்கள் ஊரில் இப்போது மிருகத்தைக் கம்பிக் கூண்டில் வைப்பதில்லை, காடு மாதிரியே செய்து அதற்குள் விடுகிறார்கள், சுற்றிலும் பள்ளம் வெட்டிவிடுகிறார்கள், ஜனங்கள் நடுவில் பாதை போட்டு நடந்துபோய்ப் பார்க்கிறார்கள் என்று. அன்றைக்குப் பிடித்தது முதலாளிக்குப் பைத்தியம். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் கடலோரமாய் ஒரு சவுக்குத் தோப்பு வாங்கினார். "நம்ம நாட்டுக் காடு, நம்ம நாட்டு மிருகம், கம்பி இருக்கக் கூடாது" என்றார். படித்த இஞ்சினியர்கள் வந்து காலால் மணலை எத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் முடியும் என்றேன்.

ரயில் எஞ்சினில் வெந்து கட்டியாகிப்போன நிலக்கரியை வண்டி வண்டியாய் அடித்து, சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்துப் பூசி, மேலே கோணிச் சாக்கை அழுத்தி எடுத்தேன். நிஜப் பாறை மாதிரி சொரசொரப்பு வந்துவிட்டது. மழை விழுந்து பாசி பிடித்த பிறகு ஒரு ஓணான் அதில் குடியேறியது. ஓணானையே ஏமாற்றியவன் நான்.

அந்த அம்மாவை ஏமாற்ற முடியவில்லை.

மலை முடிந்த மறுநாள் காலை முதலாளி அவரை அழைத்துவந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, என்னைவிட உயரம். சேலைக்கு மேலே ஆம்பிளை காக்கிச் சட்டை, கை மடித்துவிட்டது. மூக்குப்பொடி டப்பா இடுப்பில். "இவங்கதான் மிருகத்தைப் பாத்துக்கறவங்க. இவங்க சரின்னு சொன்னாத்தான் சிறுத்தையை உள்ளே விடறது" என்றார்.

எனக்கு எரிந்தது. சுவரைத் தட்டிப் பார்த்து ஓகே சொல்ல ஒரு பொம்பளையா?

அந்த அம்மா பள்ளத்துக்குள் ஏணி வைத்து இறங்கி, மலைப்பக்கம் ஏறி, அங்கே பாறை நிழலில் குப்புறப் படுத்துவிட்டார். முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. என் ஆட்கள் சிரித்தார்கள்.

"யக்கா, மலை சோக்கா கீதா? தூக்கம் வருதா?" என்று ஒருத்தன் கத்தினான்.

நான் ஏணியை எடுத்துவிட்டு வரச் சொன்னேன். கிடக்கட்டும், வேண்டும் என்றால் கூப்பிடட்டும் என்று எண்ணம். டீ வந்தது. பாதையில் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். யாரோ என் முதுகில் விரல் வைத்தார்கள். திரும்பினால் அந்த அம்மா நிற்கிறார். காக்கிச் சட்டை முழுக்கச் சுண்ணாம்பு.

"இப்புடித்தானுங்க வரும்" என்றார். "டீ இருக்குதுங்களா?"

ஏணி இல்லை, கயிறு இல்லை. மலைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே, தண்ணீர் விழுகிற மாதிரி அழகுக்கு என்று நான் நீட்டிவிட்ட ஒரு பாறை மூக்கு. அதில் தொற்றி, அங்கிருந்து சவுக்குக் கிளையைப் பிடித்து வந்திருக்கிறார். ஐம்பது வயதுப் பொம்பளை. அன்றைக்கு மத்தியானமே அந்த மூக்கை உடைத்தேன். உடைக்கும்போது கூட நின்று, "நல்லா வேலை செஞ்சிருக்கறீங்க மேஸ்திரி, உடைக்கறதுக்கே இத்தன நேரமாகுது" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவருடைய குணமே அதுதான். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வெளியே போகிற வழியைப் பார்ப்பார். உட்காரமாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். கண் மட்டும் சுவரோரமாய் ஒரு சுற்றுச் சுற்றும். பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும்.

ஒருமுறை நாங்கள் எல்லாரும் டெண்டு கொட்டகைக்குப் படம் பார்க்கப் போனோம். அந்த அம்மா மணலில் உட்காராமல் டெண்டை வெளியே சுற்றிவந்தார். எத்தனை இடத்தில் துணியைத் தூக்கலாம் என்று பார்த்தாராம். படம் பாதி ஓடிய பிறகு வந்து என் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து, கதை என்ன என்று கேட்டார். பின்னால் இருந்தவன், "தோ பாரு, டிக்கெட்டு எடுத்துகினு டெண்டுக்குக் காவல் காக்குது இந்த அம்மா" என்றான். அந்த அம்மாவும் கூடச் சிரித்தார்.

இன்னொருமுறை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தண்டையார்பேட்டையில் நானே கட்டிய வீடு, அப்போது புதுசு. பெருமையோடு ஒவ்வொரு சுவராய்க் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் சமையல்கட்டில் நின்றுவிட்டார்.

"ஏன் அம்மிணி, நீ நிக்கறது இங்க. அடுப்பு உனக்கும் கதவுக்கும் நடுவுல. அடுப்பு எரிஞ்சா எப்புடிப் போவ?" என்று என் சம்சாரத்தைக் கேட்டார்.

"இதுவரைக்கும் யாரும் இத கேட்டதில்ல யக்கா" என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு வாரம் இருந்தது. எட்டாம் நாள் சமையல்கட்டுச் சுவரை இடித்துப் பின்வாசல் வைத்தேன். ஊருக்கெல்லாம் கதவு வைத்தவன் என் சம்சாரத்துக்கு வைக்காமல் விட்டிருந்தேன்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பது துண்டு துண்டாய்த்தான் தெரியும். சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் காட்டிலாகா பங்களாவுக்கு அவர் அப்பா காவல்காரர். முதலாளிக்காகக் காட்டில் பிடித்த சிறுத்தையோடு கூட்ஸ் வண்டியில், கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு, கொருக்குப்பேட்டையில் வந்து இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. புருஷனைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நான் ஒருநாள் கேட்டேன். "அவரு ஒரு கரடியப் பொடக்காலிக்குள்ள வெச்சு அடைச்சுட்டாருங்க மேஸ்திரி. ஒரே கதவு. அந்தக் கதவுல அவரே நின்னுக்கிட்டாரு" என்றார். பொடக்காலி என்றால் அவர்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடம். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மிருகத்தைப் பற்றி அவர் சொல்வது ஒன்றுதான். "அதுக்கு உங்களக் கடிக்கோணும்னு ஆசையில்லீங்க. அதுக்குப் போகோணும். போற வழியில நீங்க நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

தோட்டத்தை உங்களுக்குக் காட்டிவிடுகிறேன். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, என் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது.

தெற்கு வாசலில் நுழைந்தால் சவுக்கு இருட்டு. சத்தம் அடங்கிவிடும், மணலில் கால் சத்தம்கூடக் கேட்காது. கொஞ்சதூரத்தில் இடதுபக்கம் கரடி. அதற்கு நான் செய்த கரையான் புற்று, உள்ளே குழாய் வைத்து வெல்லப்பாகு ஊற்றுவோம். அது கையை விட்டு நக்கிக்கொண்டிருக்கும். அடுத்து மலையணில் மரம், சிவப்பு வால் மட்டும் தொங்குவது தெரியும். முள்ளம்பன்றிக்கு ஒரு வளை. பாதையை நேராகப் போட விடவில்லை அந்த அம்மா. வளைத்து வளைத்துப் போடச் சொன்னார். ஒரு மிருகம் இன்னொன்றைப் பார்க்கக் கூடாது, நாமும் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கக் கூடாது என்பார். மலையிலிருந்து கொண்டுவந்து நட்ட மூங்கிலும் நாவலும் உப்புக்காற்றில் கருகின. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா பூவரசும் புங்கமும் தாழையும் வைக்கச் சொன்னார். "அது மரத்துப் பேரக் கேக்காதுங்க. நெழலு இருக்குதான்னு கேக்கும்."

கடைசி வளைவில் திரும்பினால், வலதுபக்கம் வேலிக்குள் புள்ளிமான் கூட்டம், அதற்குப் பின்னால் கடல் சத்தம். இடதுபக்கம், எதிரே, என் மலை. மலைமேல் சிறுத்தை. நடுவில் கம்பி கிடையாது. புதர் மறைப்பதால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. முதன்முதலாய்ப் பார்க்கிறவர் ஒவ்வொருத்தரும் ஒரு அடி பின்னால் வைப்பார்கள். அதைப் பார்க்கவே நான் ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போய் நிற்பேன்.

மானை அங்கே வைக்க வேண்டாம் என்று அந்த அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார். முதலாளி கேட்கவில்லை. ஒரே இடத்தில் நின்று இந்தப் பக்கம் மான், அந்தப் பக்கம் சிறுத்தை, வெளிநாட்டில்கூட இப்படி இல்லை என்றார்.

நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும், வெயில் காலத்தில் காலையில் காற்று தரையிலிருந்து வரும், மத்தியானத்துக்கு மேல் திரும்பிக் கடலிலிருந்து வரும். அது திரும்பும்போது சிறுத்தைக்கு மான் வாசனை வந்தது. அதுவரை பாறையில் தோல் காயப்போட்ட மாதிரி கிடந்தது எழுந்து நிற்கும். மெதுவாய் இறங்கி, பள்ளத்து விளிம்புவரை வரும். நின்று பார்க்கும். வால் நுனி மட்டும் அசையும். ஜனம் மெய்ம்மறந்து நிற்கும். "என்னியத்தான் பாக்குதுடா மாமு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொள்வார்கள். முதலாளி வாசலில் போர்டு எழுதினார்: தினமும் மூன்று மணிக்குச் சிறுத்தை எழுந்து நின்று தரிசனம் தரும்.

அந்த அம்மா ஒருநாள் என் தோளைப் பிடித்து, ஜனத்தைப் போல என்னை நிற்கவைத்து, "அது கண்ண நல்லாப் பாருங்க மேஸ்திரி" என்றார்.

பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் ஜனமும் அதற்கு வெறும் புதர்.

"ஒவ்வொரு நாளும் அது அளக்குதுங்க" என்றார்.

பள்ளம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். சுவர் என் சுவர், பாம்புகூட ஏறாது. அடியில் கல்பாவித் தரை போடுகிறேன் என்று நான் சொன்னபோது, அந்த அம்மா வேண்டாம் என்றார். "மணலு அப்புடியே கெடக்கட்டும். காஞ்ச மணல்ல நின்னு பாயறதுக்கு அதுக்குக் காலு நிக்காது. பொதையும்." யோசனை சரிதான் என்று எனக்கே பட்டது. ஆனால் அதே கடல்காற்று மானைத் தாண்டி, பாதையைத் தாண்டி, மணலை அள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தில் கொட்டும். நாளுக்கு நாலு விரல் ஏறும். அதனால் தினம் காலையில் சிறுத்தையைக் குகையில் அடைத்துவிட்டு, என் ஆட்கள் இரண்டு பேர் இறங்கி மணலை வாரி வெளியே போடுவார்கள். பிறகு அந்த அம்மா மேலே நின்று ஒரு நீள மூங்கிலைப் பள்ளத்துக்குள் செங்குத்தாய் விடுவார். அது மணலில் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். மூங்கிலில் ஒரு வெட்டு இருக்கும், அந்த வெட்டு சுவருக்கு மேலே தெரியக் கூடாது. இரண்டையும் பார்த்த பிறகுதான் சிறுத்தையைத் திறப்பார்.

சித்திரை மாசம். அந்த அம்மா புதுக் கடமான் ஒன்றை அழைத்துவர மலையடிவாரத்துக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னார், முதலாளியிடம் இல்லை. "நாலு நாளுங்க மேஸ்திரி. மணல மட்டும் பாத்துக்குங்க."

"போய்ட்டு வா யக்கா. நான் கீறேன் இல்ல" என்றேன்.

அந்த வாரம்தான் ஹார்பர் சுவர் வேலை எனக்கு வந்தது. அத்தனை பெரிய வேலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆளும் வேண்டியிருந்தது. பள்ளத்து ஆட்கள் இரண்டு பேரையும் அங்கே இழுத்துக்கொண்டேன். மணல் ஏறுகிறதே என்று முதலாளி கேட்டார். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. யோசனை வராமல் நான் என்றைக்கும் நின்றதில்லை. காய்ந்த மணல்தானே பறக்கும், நனைத்துவிட்டால் பறக்காது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்களிடம் சொல்லி, பாதையோரத்தில் இருந்தும் பள்ளத்தின் மேலிருந்தும் காலையும் மாலையும் டின் டின்னாய் ஊற்றச் சொன்னேன். மணல் பறப்பது நின்றுவிட்டது. "கில்லாடி மேஸ்திரி நீங்க" என்றார் முதலாளி. நானும் ஹார்பரில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டேன்.

இதை வாசிக்கிற கொத்தனார் யாராவது இருந்தால் இந்நேரம் புத்தகத்தைக் கீழே வைத்திருப்பார். அஸ்திவாரத்தில் மணலைக் கொட்டி என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் ஊற்ற ஊற்ற மணல் இறுகும், கல் மாதிரி நிற்கும், அதன்மேல்தான் சுவர் எழுப்புவோம். எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். ஆயிரம் அஸ்திவாரத்துக்கு நான் செய்தது. அந்தப் பள்ளத்துக்குச் செய்தபோது மட்டும் அது என் புத்தியில் ஏறவில்லை. மணல் பறக்கக் கூடாது என்பது ஒன்றே மனதில் இருந்தது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹார்பரில் வேலை இல்லை, நான் தோட்டத்தில் இருந்தேன். நல்ல கூட்டம். உச்சி சாய்ந்த நேரம். அந்த அம்மா கடமான் கூண்டை வாசலில் வண்டியோடு நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். முகம் கழுவவில்லை. கடைசி வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"ஈர வாசன வருதுங்களே" என்றார்.

நான் என் யோசனையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் புதருக்குப் பின்னாலிருந்து மூங்கிலை எடுத்துப் பள்ளத்துக்குள் விட்டார். டக் என்று சத்தம். மூங்கில் குத்திக்கொண்டு நிற்கவில்லை. தட்டி எகிறி, சுவரில் சாய்ந்து கீழே விழுந்தது. சாய்வதற்கு முன்னால் அந்த வெட்டு, சுவருக்கு மேலே ஒரு முழம் தெரிந்ததை நானும் பார்த்தேன்.

"தரை போட்டுட்டீங்க மேஸ்திரி" என்றார். கோபமே இல்லை குரலில்.

கடல்காற்று வந்து மேலே பூவரசு இலை திரும்பியது. வெள்ளையாய் அடிப்பக்கம் காட்டியது. மலையில் சிறுத்தை எழுந்து நின்றது. ஜனம் ஆ என்றது.

"சனத்த வடக்கு வாசல்ல அனுப்புங்க" என்றார் அந்த அம்மா. வடக்கு வாசல் அவர் கேட்டு நான் முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொடுத்தது. "ஓடச் சொல்லாதீங்க. ஓடுனா அது பாக்கும். சர்பத்து சும்மா குடுக்கறாங்கன்னு சொல்லுங்க."

நான் கத்தினேன். "வடக்கு வாசல்ல ஓசி சர்பத்து. முதலாளி வூட்டு விசேஷம். கிளாசு தீந்துடும், வாங்க."

நம் ஜனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? நாலு பேர் திரும்பினார்கள், நாற்பது பேர் திரும்பினார்கள். சிறுத்தையை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் நடந்தது. ஒரு கிழவர் மட்டும் அசையவில்லை.

"டிக்கெட்டு எடுத்தது சிறுத்தைக்கு நைனா. சர்பத்து நீ குடி" என்றார்.

அவரைக் குழந்தை மாதிரி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வளைவு திரும்பும்போது ஒரே ஒருமுறை பின்னால் பார்த்தேன். விளிம்பில் சிறுத்தை இல்லை. பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. அந்த அம்மா பாதையில் ஓரமாய் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மூச்சில் சுவர் விளிம்பில் இரண்டு முன்னங்கால் தெரிந்தது. பிறகு முழுசாய் மேலே வந்தது. பாதையைத் தாண்டியது. அவருக்கு மூன்று அடி தள்ளி. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மான் வேலியை ஒரே தாவு.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஒரு மனுஷனுக்கும் கீறல் இல்லை. சிறுத்தை ஒரு பெண்மானை அடித்து, வேலி மூலையில் தாழம்புதருக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த அம்மா மான் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போய், கொஞ்சதூரத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னைக் கூப்பிட்டார். "கடமான எறக்கிட்டு அந்தக் கூண்டக் கொண்டாங்க. கதவத் தெறந்து வையுங்க. தின்னு முடிச்சு அதுவே இருட்டத் தேடும். நானிருக்கறேன்."

நான் கூண்டுக்கு ஓடினேன். அதற்குள் முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. அவரோடு ஆபீஸ் அறையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தோஸ்துகள் இரண்டு பேர், வேட்டைக்குப் போகிறவர்கள், துப்பாக்கியோடு வந்தார்கள்.

அந்த அம்மா எழுந்து கையை ஆட்டினார். "சுடாதீங்க. அதுக்குப் பின்னால வழியில்லீங்க. மூலைங்க அது."

மூலை. மான் தாண்டிவிடக் கூடாது என்று அந்த மூலையில் மட்டும் இரண்டு மடங்கு உயரமாய்க் கல் வைத்து நான் கட்டியது. அதுவும் நல்ல வேலை. அசையவில்லை.

முதல் குண்டு சிறுத்தையின் இடுப்பில் பட்டது. அது பின்னால் திரும்பிப் பார்த்தது. சுவர். வெளியே வர ஒரே வழி, அந்த வழியில் அந்த அம்மா. இரண்டாவது குண்டு அதைக் கொன்றது. ஆனால் அதற்குள் நேரம் ஆகிவிட்டிருந்தது. நான் கூண்டைத் தள்ளிக்கொண்டு வந்தபோது காக்கிச் சட்டையின் நிறம் மாறியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கழுத்தும் தோளும் கட்டு. இரண்டாம் நாள் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல மனுஷர், ஸ்டூலை மெதுவாய்த்தான் இழுத்துப் போட்டார். நான் கட்டில் கால்மாட்டில் நின்றேன்.

"பள்ளத்துல மணல் நனைஞ்சு கெட்டியா இருந்துச்சாமே. தண்ணி எப்படி வந்துச்சு அம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கண் எனக்குத் தெரியும். புது இடத்தில் சுவரோரமாய் ஓடுமே, அதே கண். என் முகத்தில் சுற்றியது, பின்னால் சுவருக்குப் போயிற்று, கதவுக்குப் போயிற்று, திரும்பி வந்தது.

"மழ பேஞ்சிருக்குமுங்க" என்றார்.

சித்திரை மாசம், ஊரே வெந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஹார்பர் சுவர் அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தது.

அவர் போன பிறகு அந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் காற்றாய்த்தான் வந்தது.

"எனக்குத் தலயத் திருப்ப முடியல மேஸ்திரி. இந்த ரூமுக்கு எத்தன கதவு?"

"ரெண்டு யக்கா" என்றேன். "உன் தலமாட்டுல ஒண்ணு கீது. நல்லா பெருசு."

ஒன்றுதான் இருந்தது.

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். மறுநாள் போய்விட்டார்.

அவர் நான்கு நாள் ஊரில் இல்லாதது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வேலைக்காரியின் கவனக்குறைவு என்று முதலாளி சொன்னார். எல்லாரும் அதையே சொன்னார்கள், நான் சும்மா இருந்தேன். தோட்டத்தை மூடினார்கள். நாலைந்து வருஷத்தில் மணல் பள்ளத்தை நிரப்பியது, பாதையை மூடியது, மலையில் பாதிக்கு ஏறியது. மிச்சத்தை ரோடு போட உடைத்துக்கொண்டு போனார்கள். உடைக்க ரொம்ப நாள் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷத்து மலரில் யாரோ பழைய கதை எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் கம்பியில்லாத மிருகத்தோட்டம் ஒன்று இருந்ததாம், கூண்டுக்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போன ஒரு விவரமில்லாத பொம்பளையால் அழிந்ததாம். என் மகன் அதை எனக்குப் படித்துக் காட்டினான். அங்கே கூண்டே கிடையாது. அதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒன்று சொல்கிறேன். நான் செய்த வேலைக்கு என் பேரைப் போடாதவனை நான் விட்டதில்லை, மீன் கொட்டகைத் தூணிலும் என் பேர் இருக்கிறது. இந்த மலரிலும் போடுங்கள். மலையைக் கட்டியவன் நான். பள்ளத்துச் சுவரை எழுப்பியவன் நான். மான் வேலி மூலை என் வேலை. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றித் தரை போட்டவனும் நான்தான், வேறு யாரும் இல்லை, மழையும் இல்லை. அந்த அம்மாவின் பேரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, யக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் பேர் உங்களுக்குத் தெரியும். நாலுக்கும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடுங்கள். நாலாவதை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கு மட்டும் போடுவதானால், ஒன்றுமே போட வேண்டாம்.